ஒளிப்படம் படிக்க எந்த ஊருக்குப் போவது?

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துக் கல்லூரிகளில் விஸ்காம் முடித்துவிட்டு, ஒளிப்படக் கலை படிக்க ஐரோப்பாவுக்குப் போக விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வரும் விளம்பரங்களில் கல் பாவிய தெருவும் தேவாலயக் கோபுரமும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பழைமையான ஊரில் வாழ்வதே பாதிப் படிப்பு என்ற நம்பிக்கையை அவை வளர்க்கின்றன. இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன்; போவதை அல்ல. பழைமைதான் கணக்கு என்றால் பல்லாவரமே போதும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கருவிதான், இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. ஆனாலும் ஒளிப்படம் கற்க யாரும் பல்லாவரத்துக்கு வருவதில்லை.

பிரான்ஸின் தெற்கே உள்ள ஆர்ல் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ரோமானியர் கட்டிய வட்டரங்கம் அங்கே கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. வான் கோ 1888-ல் வந்து தங்கி வரைந்த ஊர். இவ்வளவு இருந்தும் அது ஒளிப்பட நகரமாக மாறியது 1970-க்குப் பிறகுதான். அந்த ஊர்க்காரரான ஒளிப்படக் கலைஞர் லூசியன் கிளெர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, அருங்காட்சியகப் பொறுப்பாளர் ழான்-மொரீஸ் ரூக்கெத் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு ஒளிப்பட விழாவைத் தொடங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1982-ல், பிரெஞ்சு அரசு தேசிய ஒளிப்படப் பள்ளியை அங்கே திறந்தது. மூடிக்கிடந்த ரயில்வே பணிமனைகள் பின்னாளில் கண்காட்சிக் கூடங்களாயின. அங்கே படிக்கும் மாணவருக்கு உண்மையில் பயன்படுவது வட்டரங்கம் அல்ல. நூறு படங்களில் எண்பதைக் கழிக்கச் சொல்லும் ஆசிரியர், சுவரில் மாட்டிய படத்தை வைத்து மணிக்கணக்கில் வாதிடும் சக மாணவர், கோடைதோறும் ஊருக்கு வரும் பதிப்பாளர்கள், கண்காட்சி அமைப்பாளர்கள் ஆகியோரே அவரை வளர்க்கிறார்கள். இவை எல்லாம் மனிதர் முடிவெடுத்து உண்டாக்கியவை, எங்கும் உண்டாக்கலாம்.

போனில் எடுத்து யூடியூபில் கற்கலாமே, எதற்கு இத்தனை செலவு என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்டால், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோ, ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், கணக்கில் காட்ட வேண்டும். 1893 முதலே ஒளிப்படம் கற்பிக்கும் லைப்சிக் கலைக் கல்லூரியில் சேர ஜெர்மன் மொழியும் தேவை. கேமராவைக் கையாளும் நுட்பத்துக்காக மட்டும் என்றால் இந்தச் செலவு வீண்தான். அதை யூடியூபே கற்றுத்தரும். எடுத்த படங்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒரு பொருள் சொல்ல வைப்பதைத் தனியாக உட்கார்ந்து கற்பது மிகக் கடினம். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகை விட்டுவிட்டு, யார் கற்பிக்கிறார்கள், படித்து முடித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள், ஆவணக் காப்பகம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஒளிப்படம் வசதியுள்ளவர் பொழுதுபோக்கு, அதற்குப் பொதுப்பணம் எதற்கு என்ற வாதம் இன்னொன்று. இது நம் ஊருக்குப் பழைய வாதம். அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் மதராஸில் கலைப் பள்ளி தொடங்கினார். 1856-ல் ஒளிப்படச் சங்கமும் உருவானது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்தார். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இது மிகையான ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். அந்தச் சில ஆண்டுகளில் எடுத்த படங்கள்தான் இன்று அக்கோயில்களின் அன்றைய நிலைக்குச் சாட்சி. நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை ஊர்கள் பதிவாகியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

அதே இழப்பு இப்போது தென்சென்னைப் புறநகரில் நடக்கிறது. 1931-ல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை 2004-ல் விடைபெற்றது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் தொழிற்சாலை இன்று இல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி பெற்றது, சுருங்கி முடிந்த பிறகு. இந்த மாற்றங்களைச் சொல்லும் படங்கள் வீட்டு ஆல்பங்களிலும், மூடப்படும் ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளிலும் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்க்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. 2021-ல் மாநகராட்சியான தாம்பரம் ஒரு நூலகக் கட்டடத்தில் இந்தப் படங்களின் காப்பகத்துக்கெனச் சில அறைகளை ஒதுக்கலாம். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவற்றின் மாணவர்களைக் கொண்டு நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யத் தொடங்கலாம். ஐரோப்பாவில் படித்துத் திரும்புகிறவருக்கும் அந்தக் காப்பகத்தில் சம்பளத்துடன் வேலை இருக்க வேண்டும். கல்யாண ஆல்பமும் விளம்பரப் படமும்தான் பிழைப்பு என்ற நிலை இருக்கும்வரை, வெளியே போய்ப் படிக்கும் பிள்ளைகளை ஊர் திரும்பச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.