மூணு நாள் யாரும் வர மாட்டாங்க. மாத்திரை இருக்கா?

மழைக்காலம் வந்தாலே வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் சுத்தும். டார்ச், விசில், கயிறு, கத்தி, பவர் பேங்க். எல்லாம் சரிதான். ஆனா வெள்ளத்துல நம்ம ஊர் ஆளைச் சாய்க்கிற விஷயம் அதுல இல்லவே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மேலே மாஞ்சோலையில 50-க்கு மேல. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல சுமார் 800 பேரோட நின்னுபோச்சு. ரயில் எங்க நிக்குதுன்னு மொத்த அரசாங்கத்துக்கும் தெரியும். அப்படியும் எல்லாரையும் மீட்க 19-ம் தேதி ஆச்சு. இடையில சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஜனங்க.

"கவர்மென்ட் பாத்துக்கும்"னு சொல்றவங்களுக்கு, கவர்மென்ட் சம்பளம் வாங்குற நானே சொல்றேன்: முதல் மூணு நாள் நாங்க வர முடியாமப் போகலாம். மாஞ்சோலைக்கு மணிமுத்தாறுல இருந்து ஏறுற ஒரு ரோடுதான். அதுல ஒரு வளைவுல மண்ணு சரிஞ்சா காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாமே தீவு. 108 பறந்தா வரும்?

அந்த மூணு நாள்ல பிஸ்கட் இல்லாம யாரும் சாகறதில்லை. டைப் 1 சுகர் இருக்கிற பிள்ளைக்கு இன்சுலின் நின்னா ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு விட்டா விடாம வலிப்பு வரலாம். இதய நோயாளிக்கும் அதே கதைதான்.

இப்ப என் துறையோட சண்டைக்கு வர்றேன். பெரும்பாலும் ஒரு மாசத்துக்குத்தான் மாத்திரை கொடுக்கிறோம். 28-ம் நாள் வெள்ளம் வந்தா கையில ரெண்டு நாள் மாத்திரைதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வரும்னு பஞ்சாங்கம் பாக்காதவனுக்கும் தெரியும். அதுக்கு முன்னாடியே ரெண்டு வார மாத்திரையைக் கூடுதலா கொடுத்தா என்ன? "வீணாக்கிடுவாங்க"ன்னு சொல்றாங்க. மாசாமாசம் பஸ் ஏறி வந்து வரிசையில நிக்கிற ஆச்சியா வீணாக்கப் போறா? மலையில மிச்சம் இருக்கிற குடும்பங்களுக்காவது முதல்ல கொடுங்க.

கொடுக்கிற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: மாத்திரையும் சீட்டும் ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டு உயரத்துல வைங்க. கரண்ட் போனா இன்சுலினைக் கவர்ல கட்டி, ஈர மணல்ல வச்ச மண்பானைக்குள்ள வைங்க. தண்ணியைக் கொதிக்க வச்சு மட்டும் குடிங்க, தெளிஞ்சு இருந்தாலும். பிரசவ தேதி நெருங்கினவங்க மழை எச்சரிக்கை வந்ததுமே ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்கு இறங்கிடுங்க. வலி வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. வெள்ளத்துல நடந்தவங்களுக்குக் காய்ச்சலோட கெண்டைக்கால் வலி வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுக்காதீங்க.

இன்னொண்ணு. உங்க தெருவுல யாரு இன்சுலின் போடுறாங்க, யாரு படுத்த படுக்கை, யாரு மாசமா இருக்காங்கன்னு தெரியுமா? புதுக்குடிக்காரங்க ரயில்ல வந்தவங்க பேரு கேட்டுட்டா சோறு போட்டாங்க? இந்த ஞாயித்துக்கிழமை நாலு வீடு ஏறி இறங்கிக் கேளுங்க. அக்டோபர் ஓபி-க்கு வரும்போது டாக்டர்கிட்ட கூடுதல் மாத்திரையும் கேளுங்க. முறைச்சா முறைக்கட்டும்.