விருதுப் பட்டியல் இலக்கியம் ஆகாது

சாகித்திய அகாதெமி 1954 மார்ச் 12 அன்று புதுதில்லியில் தொடங்கப்பட்டது. இந்திய மொழிகளின் இலக்கியத்தை வளர்ப்பதும் ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுசேர்ப்பதும் அதன் பணி. விருது மறு ஆண்டில்தான் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அகாதெமி என்றாலே விருது என்றாகிவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் விருது பெற்றோர் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அகாதெமி ஏற்காத எழுத்து ஒரு படி தாழ்ந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தமிழுக்குக் கேடு செய்யும் எண்ணம் இது.

விருதின் விதியே இதற்கு இடம் தரவில்லை. மொழிக்கு ஆண்டுக்கு ஒரு நூல்; அதுவும் குறிப்பிட்ட ஐந்தாண்டுகளுக்குள் முதற்பதிப்பாக வந்திருக்க வேண்டும். புதுமைப்பித்தன் 1948இலேயே இறந்துவிட்டார். மௌனி 1985 வரை இருந்தார், விருது வரவில்லை. சுந்தர ராமசாமிக்கும் வரவில்லை. இம்மூவரையும் ஒதுக்கிவிட்டு நவீனத் தமிழ் உரைநடையைப் பற்றிப் பேசவே முடியாது.

அதே சுந்தர ராமசாமி தமிழாக்கிய, மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’ நாவலை 1962இல் வெளியிட்டது அகாதெமிதான். வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தைத் த. நா. குமாரஸ்வாமியின் தமிழில் தந்ததும் அதுவே. இருபத்துநான்கு மொழிகளுக்கிடையே இப்படி நூல்களைக் கொண்டுவந்து கொடுக்க எந்தத் தனிப் பதிப்பகத்தின் விற்பனைக் கணக்கும் இடம் தராது. பொதுப்பணத்தில் ஒரு தேசிய அமைப்பு நடப்பதற்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

அறிஞர் அவை ஒப்பினால்தான் நூல் நிலைக்கும் என்ற எண்ணத்துக்குக் காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கதை சான்றுபோலத் தோன்றும். கச்சியப்ப சிவாச்சாரியார் அங்கே கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, தொடக்கத்திலிருந்த புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லையென்று புலவர்கள் தடுத்தார்களாம். வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டப்பட்ட பிறகே அவை அடங்கியதாம். கதையை நம்பினாலும், அதில் பிழைபட்டது அவை, நூல் அல்ல. அரங்கேற்றத் தகராறை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைவிடப் பெரிய செய்தியை மறந்துவிடுகிறார்கள். கந்தபுராணம் வடமொழி ஸ்காந்த புராணத்தின் சங்கர சங்கிதையிலிருந்து தமிழுக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாகத் தமிழில் புதிதாய்ப் பிறந்து, கடல் கடந்து, யாழ்ப்பாணம் தன் வாழ்முறையையே ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அங்கே வேர்விட்டது. கோயில்களில் அதைப் பொருள் சொல்லிப் படித்த மக்களே அதை நிலைநிறுத்தினார்கள்.

மொழிபெயர்ப்புக்கென அகாதெமி 1989இல் ஏற்படுத்திய பரிசு இன்றும் செய்தித்தாளின் மூலையில்தான் இடம்பெறுகிறது. முதல் பக்கம் படைப்பு விருதுக்கே. அதைச் சுற்றி எழும் சச்சரவுக்கும். அடுத்த விருது அறிவிக்கப்படும் நாளில் இதழ்களும் வாசகர்களும் அகாதெமியிடம் வேறொரு பட்டியலைக் கேட்க வேண்டும்: இவ்வாண்டு பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த நூல்கள் எவை, தமிழிலிருந்து போனவை எவை, அவை எந்த ஊர்க் கடையில் கிடைக்கும்?