துரியோதனனுக்கு இடமுண்டு, எங்களுக்கு இல்லை

திண்டிவனம் பக்கத்துச் சேரியில் பிறந்தவன் நான். ஊர்த் திருவிழாவில் பாரதக் கூத்தைத் தூர நின்றுதான் பார்த்தேன். பதினெட்டாம் போரன்று களிமண் துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். பங்காளிச் சண்டையில் துகிலுரியச் சொன்னவனுக்கே அங்கே இடமுண்டு. செஞ்சி வட்டாரத் திரௌபதி கோயில்களில் முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனும் காவல் தெய்வம். அதே அம்மனைக் கும்பிடும் நாங்கள் மட்டும் வாசலை மிதிக்கக் கூடாதாம்!

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே பூட்டு. அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு! கோயில் நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. ஆனாலும் நீதிமன்ற உத்தரவும் போலீஸ் காவலும் இருந்தால்தான் 2025 ஏப்ரலில் எம் மக்கள் உள்ளே போக முடிந்தது.

'இந்துக்களே, ஒன்றுபடுங்கள்' என்று சேரிக்கு வருகிறவர்களைக் கேட்கிறேன்: அந்தப் பூட்டு தொங்கிய இரண்டு வருடமும் நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள்? கூத்தில் போர் பதினெட்டு நாளில் முடிந்துவிடுகிறது. எங்கள் மீது நீங்கள் தொடுத்த போர் எப்போது முடியும்?