நிறம் மாறாத வெந்நீரும் மீனின் மூச்சும்

மதரஸாவில் நீரின் சட்டங்களை நடத்தும்போது நிறம், சுவை, மணம் என்னும் மூன்று தன்மைகளை முதலில் கற்பிக்கிறோம். அசுத்தம் கலந்து இவற்றுள் ஒன்று மாறினால் அந்நீர் தூய்மையை இழந்துவிடும். சூடாக்கப்பட்ட நீர் அவ்வாறன்று. அது தூயதே, அதில் உளூச் செய்யலாம். இதில் ஐயமில்லை. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அனல்மின் நிலையத்திலிருந்து வருவது வெறும் வெந்நீர்தானே?" என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். உளூவுக்குரிய அளவுகோலை மீனின் மூச்சுக்கு வைப்பது சரியா?

அத்திப்பட்டில் வாழும் நமக்கு அந்த வெந்நீர் புதிதன்று. சுழலியைச் சுற்றிய நீராவியை மீண்டும் நீராக்குவதற்குக் கடல்நீர் எடுக்கப்படுகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் வந்து சேர்கிறது. சாம்பல் கலந்தால் நீர் வெளுக்கும், எண்ணெய் கலந்தால் நாறும். வெப்பமோ கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரிவதில்லை.

நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். உப்புநீர் அதனினும் குறைவாகவே தாங்கும். பள்ளிக்கூடங்களில் ஒன்று கூட மற்றொன்று குறைவதை ஆட்களையும் நாட்களையும் வைத்தே கற்பிக்கின்றனர். ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்கு ஏது?

கணக்கு இத்துடன் முடியவில்லை. மீனும் இறாலும் குளிர்ரத்தப் பிராணிகள். நீரின் வெப்பமே அவற்றின் உடல் வெப்பம். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால், உடல் தாங்கும் எல்லைவரை, அவற்றின் ஆக்சிஜன் தேவை பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்காகும். வரவு குறையும் அதே வேளையில் செலவு பெருகுகிறது. மடவை நீந்தித் தப்பலாம். மட்டியும் ஆளியும் எங்கே போகும்? சேற்றில் துழாவிக் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்?

கடலோரப் புதிய அனல்மின் நிலையங்களின் வெந்நீரால், அது சேரும் நீரின் வெப்பம் இயல்பைவிட 7 டிகிரிக்கு மேல் உயரலாகாது என்று மத்திய அரசின் விதி உள்ளது. விதி இருப்பது நன்று. அதன் வடிவத்தில்தான் நமக்கு உடன்பாடில்லை. மார்கழி நீருக்கு 7 டிகிரி கூடுவதும், ஏற்கெனவே கொதிக்கும் சித்திரை நீருக்கு 7 டிகிரி கூடுவதும் ஒன்றாகா. உயர்வுக்கு மட்டுமன்றி, எட்டக்கூடிய உச்ச வெப்பத்திற்கும் நீரில் எஞ்ச வேண்டிய ஆக்சிஜனுக்கும் தனித்தனி வரம்பு வேண்டும்.

அளக்கும் நேரமும் முக்கியம். பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் அவையும் அதை உட்கொள்கின்றன. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். நண்பகலில் எடுத்த அளவு மீனுக்குச் சாட்சியாகாது.

பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றே. நீர் தூயதா என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் இக்கேள்வி தீர்ந்துவிடாது. ஃபஜ்ர் வேளையில் முகத்துவாரத்தின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் அளந்து, அந்த எண்களைக் குப்பத்து மக்கள் காணுமாறு எழுதி வைக்க வேண்டும் என்று நம் ஜமாஅத்துகள் மீனவர்களுடன் சேர்ந்து மனு கொடுக்கலாம். அந்நேரத்தில் நாம் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறோம்.