தோல்வியைப் படிக்கக் கற்போம்

“தோல்வியே வெற்றிக்கு முதற்படி” என்னும் மொழியைக் கேளாத மாணவர் நம் பள்ளியில் இலர். பேச்சுப் போட்டி மேடையிலும் கட்டுரை ஏட்டிலும் அதனை நாம் பன்முறை எடுத்தாண்டுள்ளோம். ஆயினும், சோதனைத் தாள் கைக்கு வரும் நாளில் நடப்பது யாது? சிவப்பு மையால் குறைந்த புள்ளிகள் இடப்பட்ட தாளை நான்காக மடித்துப் புத்தகப்பையின் அடியில் ஒளித்து வைப்போர் நம்முள் பலர். வீட்டில் கேட்டால், “ஆசிரியர் இன்னும் தரவில்லை” என்பர். மேடையில் படி என்று புகழ்ந்ததை வீட்டில் மறைப்பானேன்? இதனை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

தோல்வி தானாகவே எவரையும் உயர்த்திவிடாது என்பதே நம் கருத்து. ஆராயப்பட்ட தோல்விதான் படியாகும். மறைக்கப்பட்ட தோல்வி வழியில் கிடக்கும் கல்லாகவே இருந்துவிடும். பத்துக் கணக்குகளில் தவறிய மாணவன் ஒருவன் தன் தாளை விரித்துப் பார்ப்பானாயின், கடன் வாங்கிக் கழிக்கும் முறை ஒன்றையே தான் சரியாக அறியவில்லை என்பதைக் காணக்கூடும். அவ்வொன்றைத் திருத்தினால் பத்தும் திருந்தும். மடித்து மறைத்த தாளோ, அடுத்த சோதனையிலும் அதே தவற்றைச் செய்விக்கும்.

தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிய நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். புதிதாகக் கத்தி பிடித்தவரின் கை சற்று ஆழ்ந்துவிட்டால் மரத்தில் காயம் படும். அவ்விடத்தில் மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக அமைந்துவிடும். ஆழம் குறைந்தாலோ பால் குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை ஏட்டைப் படித்து அறிய இயலாது. தாம் செய்த காயத்தைத் தாமே கண்டு, மறுநாள் கையைத் திருத்தியே அவர்கள் தேர்ச்சி பெற்றனர்.

நம் நாட்டின் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் லின் டானிடம் 12–21, 8–21 எனத் தோற்றார். 2012இல் இலண்டனில் அதே வீரரை மூன்றாம் ஆட்டம்வரை இழுத்துச் சென்று, 19–21 என்னும் கணக்கில் இரண்டே புள்ளிகளில் வெற்றியை இழந்தார். 2016இல் ரியோவில் அரையிறுதியில் லின் டானை வென்றே விட்டார். ஆயினும் இறுதியில் சென் லோங்கிடம் தோற்றார். ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆனால், அவரைத் தோற்றவர் என்று நம்முள் யாரேனும் கூறுவரோ? ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் முன்னிலும் சிறந்த ஆட்டக்காரராக அவர் திரும்பி வந்தார். அதுவும் வெற்றியே.

இனி, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சொல். கணித மேதை இராமானுசன் கும்பகோணத்துக் கல்லூரியில் கணிதம் நீங்கலான பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் இருமுறை தேர்வில் தோற்றார். புள்ளிகளை மட்டும் பார்த்தவர்க்கு அவர் தேறாத மாணவர். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசுவாமி ஐயரோ 1910இல் அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருடைய திறமையை உணர்ந்தார். 1918இல் இலண்டன் அரசக் கழகம் இராமானுசனை உறுப்பினராக ஏற்றது. நம் வகுப்பறைகளிலும் குறிப்பேட்டைப் புரட்டும் அத்தகைய கைகள் வேண்டும்.

1988 முதல் நடைபெற்று வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு நீங்கியதே அன்றித் தோல்வியைப் பற்றிய அச்சம் வீடுகளை விட்டு நீங்கியதா? “பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை வாங்கினான்?” என்னும் வினா பிள்ளையின் வாயை மூடிவிடும். “எந்த இடத்தில் தடுமாறினாய்? வா, பார்ப்போம்” என்னும் சொல்லோ, மடித்த தாளைத் தானே விரிக்கச் செய்யும். பிள்ளைகள் பொய் சொல்லக் கற்பது சோதனைத் தாளாலன்று; அத்தாளைக் காணும் முகத்திற்கு அஞ்சியே ஆகும்.

தோல்வியைப் பொறுத்துக்கொண்டால் சோம்பல் வளரும் என்பார் உளர். தோல்வியைப் பாராட்டுமாறு நாம் கேட்கவில்லை, படிக்குமாறே கேட்கிறோம். முயலாது இருந்தவனுக்குத் தோல்வியிலிருந்து கற்க ஏதுமில்லை. திருக்குறளில் ‘ஆள்வினை உடைமை’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘இடுக்கண் அழியாமை’ வைக்கப்பட்டிருத்தல் காண்க. முயல்வோர்க்கு இடர் வரும். அப்பொழுது கலங்காதிருத்தலும் முயற்சியின் ஒரு பகுதியே என்பதை அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே, மாணவச் செல்வங்களே! அடுத்த சோதனைத் தாள் கைக்கு வந்ததும், புள்ளி எத்துணைக் குறைந்திருப்பினும், அதனை மேசைமேல் விரித்து வையுங்கள். தவறிய இடத்தைக் கண்டறியுங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். பெற்றோரும் அருகில் அமர்ந்து பொறுமையோடு அதனைப் பார்ப்பார்களாக. அன்று தொடங்கி, நாம் மேடையில் முழங்கும் மொழி நம் வீட்டிலும் மெய்யாகும்.