கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் மூத்த மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள். "அப்பா, இவன் எந்நேரமும் கேம்தான். நீங்க தாத்தாவா இல்ல, வாத்தியாரா நின்னு நல்லா கண்டிச்சு வைங்க." முப்பத்து நாலு வருஷம் கண்டிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். ஆனாலும் இந்தத் தடவை வாய் எழவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நடந்ததுதான் காரணம்.

எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான் ஒருவன். 2001-இல் என்னிடம் பதினொன்றாம் வகுப்பு படித்தவன். காதோரம் நரைத்துவிட்டது, நான்தான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ரசம் ஊற்றும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அன்னைக்கு பிரவுசிங் சென்டர்ல நான் ஜெயிக்கிற நிலையில இருந்தேன். இன்னும் நாலே மூவ். நீங்க வந்து சுவிட்ச ஆஃப் பண்ணிட்டீங்க."

எனக்கு நினைவு வந்தது. ரசம் இறங்கவில்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. நம்ம ஊருக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி ஒருவர் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு, நடுவில் பிளைவுட் பலகை அடித்து, பச்சைத் திரை தொங்கவிட்டார். மணிக்கு 30 ரூபாய். பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் ஒரு நீள நோட்டில். மோடம் கீச்கீச்சென்று கத்தி இணைப்பு கிடைப்பதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கவலை. கவலை பொய் என்றும் சொல்ல மாட்டேன், அந்தப் பச்சைத் திரைகளுக்குப் பின்னால் பையன்கள் பார்க்கக்கூடாததைப் பார்த்ததும் உண்டு. அதனால் சாயங்காலம் சைக்கிளில் ஒரு ரவுண்டு போவேன். அப்படிப் போனபோது சிக்கியவன்தான் இவன். திரையை விலக்கினேன், சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன், காதைப் பிடித்து இழுத்து வந்தேன். மறுநாள் காலை பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். அவன் அப்பாவையும் வரச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

செஸ் ஆடிக்கொண்டிருந்தான். யாஹூ கேம்ஸில், வேறு ஏதோ நாட்டில் இருந்த ஒருவரோடு. 2000 டிசம்பரில் விஸ்வநாதன் ஆனந்த் தெஹ்ரானில் ஷிரோவை வென்று உலக சாம்பியன் ஆகியிருந்தார். ஊரில் எல்லாப் பையன்களுக்கும் செஸ் பைத்தியம். நம் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு போர்டு, அதிலும் ஒரு பிஷப்பைக் காணோம், சாக்பீஸ் துண்டை வைத்து ஆடுவார்கள். இவனுக்கு ஈடு கொடுத்து ஆட ஆள் இல்லை. சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆள் தேடிப் போயிருக்கிறான். பாதியில் எழுந்து போனால் அதுவும் தோல்விக் கணக்குதானாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அதுக்கப்புறம் நான் செஸ் ஆடவே இல்ல சார்" என்றபோது மட்டும் சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து பல நாள் இதே யோசனை. அந்தக் காலத்து யாஹூ, ரெடிஃப், சிஃபி எல்லாம் எதற்காக விளையாட்டை இலவசமாக வைத்தன? போர்ட்டல் என்றால் வாசல். மெயில், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன் எல்லாவற்றுக்கும் ஒரே வாசலாக நாமே இருக்க வேண்டும் என்று எல்லாரும் போட்டி போட்ட காலம். யாஹூவே 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் படித்த இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட்டு ஆரம்பித்ததுதான். பிறகு 1997-இல் கிளாசிக் கேம்ஸ் என்ற சின்னத் தளத்தை விலைக்கு வாங்கி, மறு வருஷம் யாஹூ கேம்ஸ் ஆக்கினார்கள். மைக்ரோசாஃப்டும் இப்படித்தான் 1996-இல் ஒரு தளத்தை வாங்கி 'ஸோன்' என்று நடத்தியது. நம் சென்னையில் இருந்த சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, 1999-இல் இண்டியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்தது. "அது என்னய்யா 499, பாட்டா செருப்பு விலை மாதிரி" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தோம். சில மாதத்தில் டாட்காம் பங்குகள் சரிந்தபோது சிரிப்பு வரவில்லை. எங்களில் இருவர் பங்கு வாங்கியிருந்தார்கள்.

அந்தப் போர்ட்டலில் விளையாட்டு என்பது டீக்கடை பெஞ்சில் கிடக்கும் தினத்தந்தி மாதிரி. பேப்பர் படிக்கக் காசு கிடையாது. படிக்க வந்தவன் ஒரு டீ குடிப்பான். கல்லாப்பெட்டி டீ பக்கம் இருந்தது, பேப்பர் பக்கம் இல்லை. யாஹூவின் டீ அந்தப் பக்கத்தில் தெரிந்த விளம்பரம். நீ ஜெயிக்கிறாயா தோற்கிறாயா என்பதில் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இன்னும் நாலு விளம்பரம் காட்டுவார்கள், புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டத்துக்குள்ளே யாரும் கை வைக்கவில்லை. செஸ் செஸ்ஸாகவே இருந்தது. மணி முடிந்ததும் அண்ணாச்சி பலகையைத் தட்டுவார்.

அந்த விளம்பரக் காசு டாட்காம் சரிவோடு வற்றியது. பிறகுதான் கல்லாப்பெட்டி நகர ஆரம்பித்தது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு, உங்கள் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

2001 வாக்கில் பாப்கேப் என்ற சின்னக் கம்பெனி பிஜுவல்டு என்ற விளையாட்டை மைக்ரோசாஃப்டின் அந்த ஸோனில் வெளியிட்டது. ஒரே நிறக் கற்கள் மூன்றைச் சேர்த்தால் மறையும், அவ்வளவுதான். நகர்த்த இடம் இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. பிடித்துப்போனால் 20 டாலர் கொடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், கடையில் தாயக்கட்டை வாங்குவது போல. அதோடு கணக்குத் தீர்ந்தது. பத்து வருஷம் கழித்து, 2012-இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவைப் பாருங்கள். அதே மூன்றைச் சேர்க்கும் ஆட்டம்தான், கல்லுக்குப் பதில் மிட்டாய். ஆனால் உங்களுக்கு ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும், திரும்ப வர அரை மணி நேரம். காத்திருக்க முடியாதா, காசு கொடு. ஒரே ஒரு நகர்த்தலில் கோட்டை விட்டாயா, இன்னும் ஐந்து நகர்த்தல் தருகிறேன், காசு கொடு. அதற்கு முன்பே 2009-இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தது நினைவிருக்கும். நேரத்துக்குப் போய் அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். நம்மில் பலர் நடுராத்திரியில் எழுந்து கத்தரிக்காய் பறித்தோம். நானும்தான்.

இங்கே பேப்பர், டீ என்று இரண்டு இல்லை. ஆட்டமே கல்லாப்பெட்டி. நீங்கள் எந்த இடத்தில் பொறுமை இழப்பீர்கள் என்று பார்த்து அங்கே பூட்டு போடுகிறார்கள். கேண்டி கிரஷ் கம்பெனியான கிங்கை 2016-இல் 590 கோடி டாலருக்கு வாங்கியது ஆக்டிவிஷன் பிளிசார்டு. விளையாட்டு இலவசம், கம்பெனியின் விலை இவ்வளவு.

இந்தப் பாதையின் கடைசி வீடு ரம்மி. நம் உறவுக்குள்ளேயே ஒருவர் பட்ட கடன் உங்களில் சிலருக்குத் தெரியும். பெயர் சொல்லி அவர் மனைவியை மறுபடி அழ வைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் 2022-இல் அவசரச் சட்டம் வந்தது, கோர்ட்டில் இழுபறி, ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று 2025-இல் விதி. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்குத் தடை கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்தாயிற்று என்பதால் பிள்ளைகள் கையில் உள்ளவை சரியாகிவிடவில்லை.

மகள் சொன்னபடி பேரனைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு மாதத்தில் அம்மாவின் யுபிஐ-இல் இருந்து 3,860 ரூபாய் போயிருக்கிறது. நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கேடா காசு கேட்கிறான், அந்த இடத்தைக் காட்டு" என்றேன். பொருளாதாரப் பாடம் எடுப்பது போல விளக்கினான். "ஜெயிச்சா ஒரு பெட்டி வரும் தாத்தா. பெட்டி திறக்க மூணு மணி நேரம். ஜெம் குடுத்தா உடனே திறக்கும். ஜெம்முக்குத்தான் காசு."

"பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?"

"திறந்தாத்தான் தெரியும்."

"அப்போ நீ விளையாடுறியா, காத்துக்கிட்டு இருக்கியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டும்" என்றான். நேர்மையான பதில்.

மாணவர்களே, இப்போது நீங்கள் அப்பா அம்மா. பிள்ளை கையில் போனைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். நான் அன்று சுவிட்சைத் தட்டியதும் நீங்கள் இன்று பிடுங்குவதும் ஒன்றுதான். முதலில் திரையைப் பாருங்கள். காசு எங்கே கேட்கிறான் என்று பிள்ளையிடமே கேளுங்கள், நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பூட்டு போட்டு ஏங்க வைக்கிறதா, அதை எடுத்துவிடுங்கள், நானும் பேரனும் பேசி அதை எடுத்துவிட்டோம். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பூட்டே இல்லாத விளையாட்டும் இன்னும் இருக்கிறது. லிசெஸ் என்று ஒன்று, 2010-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, விரும்பியவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. நம் சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனதில் இருந்து பேரனுக்கும் செஸ் மேல் ஒரு கண். பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளைத் தேடுபவர்களுக்கும் ஒரு செய்தி. 2020 கடைசியில் அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டாலும், இண்டர்நெட் ஆர்க்கைவ் பலவற்றைச் சேமித்து ஆடும்படி வைத்திருக்கிறது.

கடைசியாக, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு. பெயர் எழுதவில்லை, படித்தால் உனக்குத் தெரியும். உன்னைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தினேன், அதனால் இதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது. உன் அப்பாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். அவர் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பேரன் எனக்கு லிசெஸ்ஸில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன், அதற்கு முன் தூங்குவேன். பதினைந்து நிமிஷ ஆட்டம் வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காய் உனக்கு.