கேமரா வாசலைப் பாக்குது, காசு போன் வழியா போகுது!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

கோவையில இப்ப எங்க திரும்பினாலும் கேமராதான். சரவணம்பட்டி அபார்ட்மெண்ட், பீளமேடு பேக்கரி, கிராஸ்கட் ரோடு நகைக்கடைன்னு ஒண்ணையும் விட்டு வைக்கலை. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்புல 58 பேரைப் பறிகொடுத்த ஊருங்க இது. பாதுகாப்புல அக்கறை ஜாஸ்தியா இருக்கறது நியாயந்தான். செயின் அறுத்துட்டு பைக்ல ஓடுறவனை கேமரா புடிச்சுக் குடுக்கும், ஒத்துக்கறேன்.

ஆனா கொங்கு நாட்டுல குடும்பம் குடும்பமா கவுத்துப் போட்டது எது? திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ்ல 930 கோடிக்கு மேல போச்சு. 2012-ல பெருந்துறை ஈமு கோழி. பூட்டை எவனும் ஒடைக்கலைங்க. ஜனங்களே வரிசையில நின்னு குடுத்தாங்க. 2009-ல வெடிச்ச பாசி விவகாரத்துல கோவை டான்பிட் கோர்ட்டு 27 வருஷ ஜெயில்னு தீர்ப்பு சொல்றப்ப 2022 ஆகஸ்ட் ஆயிடுச்சு.

குற்றவியல் படிச்சவங்க இதை எப்பவோ புடிச்சுட்டாங்க. கோட்டு போட்டவன் பண்றதும் குற்றந்தான்னு சதர்லேண்ட் 1939-லயே பேசினார். 1979-ல கோஹனும் ஃபெல்சனும் சொன்னது இன்னும் சிம்பிள்: திருட நினைக்கறவன், தோதான இலக்கு, காவலுக்கு ஆள் இல்லாத நேரம், மூணும் ஒண்ணு சேந்தா குற்றம் நடக்கும். நம்ம திருநெல்வேலியில இருந்து பேராசிரியர் ஜெய்சங்கர் 2007-ல சைபர் குற்றவியலுக்குன்னே ஒரு ஆய்விதழ் ஆரம்பிச்சார். நேர்ல தப்பு செய்யத் தயங்கறவன் இணையத்துல முகம் தெரியாதுன்னதும் துணிஞ்சுடறான்ங்கறது அவர் சொன்ன விஷயங்கள்ல ஒண்ணு.

இந்தக் கணக்கை 'டிஜிட்டல் அரெஸ்ட்'டுக்குப் போட்டுப் பாருங்க. பையன் அமெரிக்காவுல, ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுல தனியா. போன்ல வர்றவன் மொதல்ல சொல்றதே "யாருகிட்டயும் சொல்லாதீங்க, காலை கட் பண்ணாதீங்க"ன்னுதான். அதாவது காவலுக்கு இருக்கற மனுஷங்களை மொதல்ல வெட்டி விடறான். அப்புறம் போலீஸ் யூனிஃபார்மை மாட்டிட்டு அவனே காவலாளியா வந்து நிக்கறான். இப்படி ஒரு அரெஸ்ட்டே சட்டத்துல கிடையாது. ஈமு காலத்துல மட்டும் என்ன? "மச்சானே போட்டிருக்காரு"ங்கற நம்பிக்கைதான் தூண்டில்.

இதுக்கு எத்தனை மெகாபிக்சல் கேமரா வெப்பீங்க? தமிழ்நாடு போலீசுக்கு 2021-ல முகம் கண்டுபுடிக்கற மென்பொருள் வந்துச்சு. 2024-ல அந்தத் தளத்துல இருந்தே தகவல் களவு போச்சு :( கோடு எழுதிப் பொழைக்கற நானே சொல்றேன், மென்பொருள் மட்டும் பத்தாது. கமிஷனர் ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில குற்றவியல் படிச்ச ஆளும் உக்காரணும்.

நம்ம பங்குக்கும் ஒண்ணு இருக்கு. ஏமாந்தவங்களைப் பாத்து "படிச்சவங்க நீங்களே இப்படியா?"ன்னு கேக்கறதை விடுவோம். அந்த வெக்கத்துலதான் பலரும் வெளிய சொல்லாம அமுக்கிடறாங்க. 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் போன் பண்றோமோ, பணம் கை மாறுறதுக்கு முன்னாடி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. நாம கேக்கற ஒரு குத்தல் கேள்வியில அந்த முதல் மணி நேரம் போயிடுது. திருடனுக்கு வேண்டியதும் அதுதானுங்களே!

நீங்க என்ன நினைக்கறீங்க? சொல்லிட்டுப் போங்க.